டோன்ஸ் எந்தக் கரை

அலகாபாத்தில் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் நிறைந்த கட்ரா பக்கம் வந்து, முதல் தடவையிலேயே மாநில சிவில் சர்வீஸ் பரீட்சையில் தேறிவிடுவேன் என்று சொன்னால் யாரும் அடிக்க வரமாட்டார்கள். சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். சுனைனா பிந்த் அதை வந்து இறங்கிய அன்றைக்கே சொன்னாள். கையிலிருந்த தகரப்பெட்டியைக் கீழே வைக்கக்கூட இல்லை.

பெண்கள் விடுதியில் அவளுக்குக் கிடைத்த அறையில் ஏற்கெனவே அர்ச்சனா ஓஜா இருந்தாள். நாலு தடவை எழுதி, ஐந்தாவதுக்குப் படிக்கிறவள். கட்டிலில் சம்மணம் போட்டு ஊறவைத்த கொண்டைக்கடலை தின்றுகொண்டிருந்தாள்.

"எத்தனாவது தடவை?"

"முதல் தடவைக்கா. இதுலயே எடுத்துருவேன்."

"முதல் தடவைங்கிறது ஹால்ல ஃபேன் எங்க இருக்குன்னு பாக்குறதுக்கு. ரெண்டாவது தடவை, அந்த ஃபேன் ஓடாதுன்னு தெரிஞ்சுக்குறதுக்கு. மூணாவதுலதான் கேள்வியைப் படிக்கணும்."

"எனக்கு ரெண்டாவது இல்லக்கா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு வர்றாங்க. கடலை திங்குறியா?"

சுனைனா சொன்னது வெறும் வாய்ச்சவடால் இல்லை. மாமியார் ராம்கலியின் தீர்ப்பு அது. வீட்டில் இரண்டு எருமை. அதில் ஒன்று சுனைனாவைத் தவிர யார் மடியில் கை வைத்தாலும் உதைக்கும். ராம்கலிக்கு ஒரு முழங்கால் ஏற்கெனவே போய்விட்டது. இன்னொன்றையும் எருமைக்குக் கொடுக்க அவளுக்கு விருப்பமில்லை. ஆனாலும் மருமகள் பி.ஏ. முடித்துவிட்டுச் சாணி தட்டிக்கொண்டிருப்பது அவள் கண்ணையும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. கடைசியில் சொன்னாள்: "ஒரு வருஷம். ஒரு பரீட்சை. முதல் சுத்துல உன் பேரு வந்தா மேல படி. வரலைன்னா மறு பஸ்ஸுல ஏறி வந்து எருமையைப் பாரு. அப்புறம் படிப்புன்னு வாயைத் திறக்கக் கூடாது." நைனியில் லாரிப் பட்டறையில் வெல்டிங் செய்யும் புருஷன் லால்ஜி, தன் அம்மா பேசும்போது எப்போதும் செய்வதைச் செய்தான். செருப்பைத் தேடினான்.

ஆக, முதல் சுற்றில் பெயர் வந்தாக வேண்டும். அதற்கு என்ன செய்வது என்று விடுதியில் கேட்டாள். ஒன்பது பேர் ஒரே பதிலைச் சொன்னார்கள். திவாரி நோட்ஸ்.

வினீத் திவாரி இரண்டு தெரு தள்ளி அறை எடுத்துப் படித்தவர். முதல் தடவையிலேயே தேறி, இப்போது எங்கோ டெபுடி கலெக்டர். போவதற்கு முன் தன் கையெழுத்து நோட்டுகளைப் பிரதியெடுக்க முன்னா கேசர்வானியின் ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனார். முன்னா கூடுதலாக ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டான். அந்தப் பிரதியின் பிரதிதான் ஆறு வருடமாக ஊரைப் படிக்க வைக்கிறது. அறுபத்துமூன்றாம் பக்கத்தில் திவாரி டீ கிளாஸ் வைத்த வட்டம் எல்லாப் பிரதியிலும் விழும். அந்த வட்டத்துக்குள் இருக்கும் பத்தியை விடுதிப் பெண்கள் தனிக் கவனத்தோடு படித்தார்கள். காரணமில்லாமல் அவர் அங்கே வைத்திருக்க மாட்டார் என்பது அர்ச்சனாவின் கட்சி.

சுனைனா அதை ஒரு தடவைக்கு நாலு தடவை படித்தாள். காலை ஐந்து மணிக்கு எழுந்து சரித்திரம், குளித்துவிட்டு அரசியல் சட்டம், மத்தியானம் கிச்சடியை ஒரு கையால் கிளறிக்கொண்டே நடப்புச் செய்தி. நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தில் கங்கையில் சேரும் ஆறுகளின் பட்டியல். இடக்கரை: ராம்கங்கா, கோமதி, காக்ரா, கண்டக், கோசி, டோன்ஸ். வலக்கரை: யமுனை, சோன். ராகம் போட்டு ஒரே காலையில் மனப்பாடம் செய்தாள். எங்கும் இடறவில்லை. மனப்பாடம் பண்ணுகிறபோது ஆறு என்பது வெறும் பெயர்தான். அதில் தண்ணீர் ஓடாது.

பரீட்சை நாளில் வெயில் கொளுத்தியது. ஃபேன் அர்ச்சனா சொன்ன மாதிரியே ஓடவில்லை. நூற்றைம்பது கேள்வி, இரண்டு மணி நேரம். தப்பாக வட்டத்தைக் கருக்கினால் ஒரு கேள்விக்கு உண்டான மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். எண்பத்தேழாவது கேள்வி வந்தது. கைமூர் மலையில் பிறந்து சிர்சா அருகே கங்கையில் சேரும் டோன்ஸ், எந்தக் கரையில் சேர்கிறது?

இடக்கரை என்று கருக்கப் பேனா இறங்கிவிட்டது. சிர்சா என்ற சொல் கையைப் பிடித்து நிறுத்தியது. புகுந்த வீட்டிலிருந்து சிர்சா நடக்கிற தூரம். எருமையைக் குளிப்பாட்டுவதே அந்த ஆறு சேரும் இடத்தில்தான்.

தண்ணீர் போகிற பக்கம் முகம் வைத்து நின்றால்தான் இடமும் வலமும். அங்கே கங்கை கிழக்கே போகிறது. சுனைனா உட்கார்ந்த இடத்திலேயே மெல்லத் திரும்பினாள்.

"ஏம்மா, என்ன திரும்புற?" என்றார் கண்காணிப்பாளர்.

"கிழக்கு எதுன்னு பாக்குறேன் சார்."

"கிழக்கெல்லாம் கேள்வித்தாள்லயே இருக்கும். அங்க பாரு."

குனிந்துகொண்டாள். கண்ணை மூடினால் எருமை தெரிந்தது, அதன் முதுகுக்கு மேலே தண்ணீர் தெரிந்தது. கங்கை இடது கைப்பக்கம். டோன்ஸ் வலது கைப்பக்கமாக வந்து விழுகிறது. அதில் சந்தேகமில்லை. ஆனால் திவாரி டெபுடி கலெக்டர், இவள் எருமை மேய்க்கிறவள். அரை நிமிடத்தில் தாண்ட வேண்டிய கேள்வியில் நாலு நிமிடம் போயிற்று. கடைசியில் எருமையை நம்பி வலக்கரையைக் கருக்கினாள்.

வெளியே வந்ததும் மர நிழலில் நின்று எல்லாரும் விடை ஒப்பிட்டார்கள்.

"எண்பத்தேழு?"

"வலது" என்றாள் சுனைனா.

அர்ச்சனாதான் முதலில் வாயைத் திறந்தாள். "நூத்திப்பன்னெண்டாம் பக்கம் படிக்கலையா நீ?"

"படிச்சேன்க்கா. ஆனா அது எங்க ஊரு ஆறு."

"உங்க ஊரு ஆறா இருந்துட்டுப் போகட்டும். உங்க ஊருல யாரு டெபுடி கலெக்டரு?"

பத்து நாளில் தேர்வாணையத்தின் உத்தேச விடைப்பட்டியல் வந்தது. எண்பத்தேழு: வலக்கரை. தெருவே கொதித்தது. ஆட்சேபம் இருந்தால் ஏழு நாளுக்குள் ஆதாரத்தோடு அனுப்பலாம் என்று போட்டிருந்தது. ஆதாரம்தான் ஊர் முழுக்கக் கிடக்கிறதே. முன்னா கடை வாசலில் ‘டோன்ஸ் ஆட்சேபம் இங்கே’ என்று அட்டை எழுதித் தொங்கவிட்டான். நூற்றுப்பன்னிரண்டாம் பக்கம் நானூறு பிரதி போயிற்று. அர்ச்சனா நல்ல மனசுக்காரி. சுனைனாவுக்கும் சேர்த்து ஒரு ஃபாரம் வாங்கிவந்தாள்.

"கையெழுத்துப் போடு."

"எனக்கு அது சரியான விடைக்கா. நான் எப்படிப் போடுறது?"

"தெருவே ஒண்ணா நிக்குது, நீ மட்டும் ஆத்தோட போறேங்குற. சரி, எத்தனை சரியா வந்துருக்கு உனக்கு?"

சுனைனா சொன்னாள். அர்ச்சனா கடலை மெல்வதை நிறுத்தினாள். போன வருட கட்-ஆஃபை வைத்துப் பார்த்தால் கோட்டின் மேல் ஒரு கால், கீழே ஒரு கால். எண்பத்தேழு கைவிட்டால் இரண்டு காலும் கீழே. மறு பஸ், எருமை.

ஊர் முழுக்க ஒரு பக்கம் நின்றதில் சுனைனாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ராம்கலிக்கு ஃபோன் போட்டாள்.

"அத்தை, நம்ம டோன்ஸ் கங்கைக்கு எந்தப் பக்கம்?"

"என்ன கேள்வி இது? படிச்சுப் படிச்சு மூளை கலங்கிருச்சா?"

"சொல்லுங்க அத்தை. தண்ணி போற பக்கம் பாத்து நின்னா?"

"சோத்துக்கை பக்கம். உன் மாமனாரோட அப்பன் நிலத்தைத் தின்ன ஆறு, எனக்குத் தெரியாதா?"

"இங்க நானூறு பேரு இடது பக்கம்னு எழுதிக் குடுத்துருக்காங்க."

ராம்கலி நிதானமாகக் கேட்டாள். "எந்த ஊரு நானூறு பேரு?"

மறுநாள் லால்ஜியின் ஃபோனிலிருந்து ஒரு படம் வந்தது. கங்கைக் கரையில் ராம்கலி தண்ணீர் போகிற திசையைப் பார்த்து விறைப்பாக நிற்கிறாள். வலது கை டோன்ஸ் பக்கம் நீண்டிருக்கிறது. இடது கையில் எருமைக் கயிறு. அந்த உதைக்கிற எருமைதான். படம் எடுப்பதற்குள் ஒரு உதை விழுந்திருக்க வேண்டும், புடவையில் ஒரு குளம்புத் தடம்.

சுனைனா அதை முன்னா கடைக்குக் கொண்டுபோனாள்.

"ஆட்சேபமா?" என்றான் முன்னா.

"இல்லண்ணே. ஆதரவு."

"ஆதரவுக்கு ஃபாரம் கிடையாதும்மா."

வெள்ளைத்தாளில் எழுதி, பள்ளிக்கூட வரைபடப் புத்தகத்தில் ஒரு பக்கம், மாமியார் படம் ஒன்று வைத்துத் தேர்வாணையத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். அதை அங்கே யாராவது பிரித்தார்களா என்பது தெரியாது. அவர்களிடம் வரைபடம் இல்லாமலா இருக்கும். இறுதி விடை வந்தது: வலக்கரை. அடுத்த மாதம் முடிவு வந்தது. சுனைனாவின் எண் இருந்தது. அர்ச்சனாவின் எண் இல்லை. கட்-ஆஃப் பிறகுதான் தெரிந்தது. சுனைனா எடுத்ததும் அதுவும் ஒன்றேதான், புள்ளிக்குப் பின்னால்கூட வித்தியாசமில்லை.

அர்ச்சனா பட்டியலை இரண்டு தடவை மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு கடலைக் கிண்ணத்தை சுனைனா பக்கம் தள்ளிவிட்டாள்.

ராம்கலி ஃபோனில் கேட்டாள். "அப்ப எருமையை யாரு பாக்குறது?"

"நீங்கதான் அத்தை."

"ஆத்தைச் சரியாக் காட்டிக் குடுத்ததுக்கு எனக்கு இதான் கூலியா?" என்றாள். ஆனால் ஃபோனை வைக்கவில்லை. முதன்மைத் தேர்வு எப்போது, அதில் ஆறு வருமா என்று விசாரித்தாள்.

அதில் ஆறு வரவில்லை. நேர்முகத்தில் கேட்பார்கள் என்று தயாராகப் போனாள், அங்கேயும் யாரும் கேட்கவில்லை. ஆனாலும் தேறினாள். முதல் தடவையிலேயே. நாயப் தாசில்தார், அதாவது துணைத் தாசில்தார் வேலை, நாலு மாவட்டம் தள்ளி.

சேருவதற்கு முன் தகரப்பெட்டியை எடுக்கக் கட்ராவுக்கு வந்தாள். முன்னா கடையில் புது அட்டை தொங்கியது: ‘சுனைனா நோட்ஸ். முதல் தடவையிலேயே தேறியது.’

"அண்ணே, நான் நோட்ஸே எழுதலையே?"

"எழுதணும்னு அவசியமில்லம்மா. பேரு இருந்தா பிள்ளைங்களுக்கு ஒரு தெம்பு."

ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்தாள். அறுபத்துமூன்றாம் பக்கத்தில் டீ வட்டம். நூற்றுப்பன்னிரண்டில் டோன்ஸ் இடக்கரையில் இருந்தது. பையிலிருந்து பேனாவை எடுத்து அதை அடித்து, வலக்கரையில் எழுதிவைத்தாள்.

அந்தக் கட்டை வாங்கியது அன்றைக்குத்தான் கோரக்பூரிலிருந்து வந்து இறங்கிய ஒரு பெண். வாசலிலேயே நின்று ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்தாள்.

"அண்ணே, இதுல யாரோ பேனாவால கிறுக்கி வச்சிருக்காங்க. வேற நல்ல காப்பியாக் குடுங்க."

முன்னா வேறொன்றை எடுத்துக் கொடுத்தான்.