ஏழாம் கேள்விக்கு எழுதிய பதில்

கண்டக்டர் பஸ்ஸை விட்டு இறங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது. பெயர் மட்டும் இன்னும் இறங்கவில்லை. நாலு பேர் கூடினால் இப்போதும் "உள்ள போங்க, உள்ள போங்க" என்றுதான் நாற்காலியைக் காட்டுவார்.

அவருடைய அம்மா கடைசி இரண்டு வருஷம் படுத்த படுக்கை. கால்மாட்டில் கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் எழும்புமே, அப்படி ஒரு இரும்புக் கட்டிலை வாங்கிப் போட்டார். அம்மா போன பிறகு அதை விற்க மனசு வரவில்லை. மாவு மில்காரரின் மாமனார் வழுக்கி விழுந்தார், கட்டில் அங்கே போனது. அவர் எழுந்து நடந்ததும் பால்காரரின் மைத்துனி வீட்டுக்குப் போனது. இப்படி வீடு வீடாக அலைந்த கட்டிலுக்குத் துணையாக இன்னொரு கட்டில், ஒரு வீல்சேர், இரண்டு வாக்கர் என்று சேர்ந்துவிட்டது. மில்காரர் தலைவர், கண்டக்டர் செயலாளர் என்று சங்கமாகப் பதிவும் செய்தார்கள். பதிவில் இருப்பது மூச்சு வாங்குகிற அளவுக்கு நீளப் பெயர். தெருவில் அது கட்டில் சங்கம்.

கட்டில் இரண்டு, கேட்கிறவர்கள் ஏழெட்டுப் பேர். ஒரு கட்டிலில் கண்டக்டரின் சொந்த அக்காவே படுத்திருந்தாள். இடுப்பு எலும்பு முறிந்து ஒன்றரை வருஷம். இன்னொன்று மூன்று தெரு தள்ளி ஒரு வீட்டில். தையல்காரரின் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, வெறும் தரையில் பாயில் கிடந்தார். தையல்காரர் மூன்று தடவை வந்து கேட்டுவிட்டார். மூன்று தடவையும் கண்டக்டர், "அடுத்த வண்டி வருது, அதுல ஏறிக்கலாம்" என்கிற மாதிரி ஏதோ சொல்லி அனுப்பினார்.

சின்னச் சங்கங்களுக்கு நிதியுதவி கொடுக்கிற அறக்கட்டளை ஒன்று உண்டு. வருஷத்துக்கு இரண்டு முறை விண்ணப்பம் வாங்கும். கண்டக்டர் இரண்டு முறை போட்டார். இரண்டு முறையும் "வருந்துகிறோம்" என்று ஆரம்பிக்கிற கடிதம்தான் வந்தது. மூன்றாம் முறை டைப்படிக்கிற கடைக்குப் போனபோது, கடைக்காரர் பழைய விண்ணப்பத்தைப் புரட்டி ஏழாம் கேள்வியில் விரலை வைத்தார். உங்கள் அமைப்பால் பயன்பெற்ற ஒருவரைப் பற்றி ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதவும் என்று இருந்தது. கண்டக்டர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "மேற்படியாருக்குக் கட்டில் கொடுத்தோம். மேற்படியார் நலம்."

"என்ன சார், டிக்கெட் கிழிச்ச மாதிரி எழுதியிருக்கீங்க? படிக்கிறவங்களுக்குக் கண்ணுல தண்ணி வர வேண்டாமா?" என்றார் கடைக்காரர்.

அந்த வார்த்தை கண்டக்டரைப் பிடித்துக்கொண்டது. வேறு யாரைப் பற்றி எழுதினாலும் சங்கடம், அக்கா என்றால் கேட்பார் இல்லை என்று நினைத்தார். உட்கார்ந்து எழுதினார். கணவனை இழந்தவர், பெற்ற மகன் திரும்பியும் பார்ப்பதில்லை, ஏன் என்று கேட்க ஒரு நாதி இல்லை, நனைந்த துணியோடு தரையில் கிடந்தவரை எங்கள் சங்கம்தான் கண்டெடுத்துக் கட்டிலில் ஏற்றியது என்று எழுதினார். எழுதியதை இரண்டு முறை படித்துவிட்டு அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். போட்டோவும் ஒட்டினார்.

நடப்பு என்ன? அக்காவின் மகன் லாரி ஓட்டுகிறவன், மாசத்தில் பாதி நாள் ரோட்டில். ஆனால் சம்பளம் வந்த அன்றே மருந்துக்கு அனுப்பிவிடுவான். மருமகள் பேக்கிங் கம்பெனியில் இருபது பேருக்கு மேல் சூப்பர்வைசராக இருந்தவள். மாமியார் விழுந்த மறுவாரம் வேலையை ராஜினாமா செய்துவிட்டு வந்தாள். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, படுக்கைப் புண் வராமல் புரட்டிப் போடுவது எல்லாம் அவள்தான். கண்டக்டர் போனால் பத்து நிமிஷம் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வருவார். அவ்வளவும் தெரிந்துதான் எழுதினார். காகிதத்தில் எழுதுவது காகிதத்தோடு போகும் என்பது அவர் கணக்கு.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். கண்டக்டருடையது இரண்டு மாசம் தாங்கியது. ஒரு நாள் காலையில் அறக்கட்டளையில் விண்ணப்பங்களைப் பார்க்கிற மேடம் போன் செய்தார். பதினோரு மணிக்கு வந்து சாமான்களைப் பார்ப்பாராம், அப்படியே அந்த அம்மாவையும் ஒரு நிமிஷம் பார்க்க வேண்டுமாம். அந்த அம்மாவுக்கு இன்றைக்கு உடம்பு சரியில்லை என்று கண்டக்டர் இழுத்துப் பார்த்தார். சரியில்லாததால்தானே பார்க்க வருகிறோம் என்று மேடம் சிரித்தார். மருமகளுக்கு முன்கூட்டிச் சொல்ல இரண்டு முறை போனைக் கையில் எடுத்தார். என்னவென்று சொல்வது? வைத்துவிட்டார்.

மேடத்தோடு போய்த் தட்டியபோது அக்கா வீட்டுக் கதவைத் திறந்தவள் மருமகள்தான். மாமியாரைக் குளிப்பாட்டி முடித்த கை, முழங்கை வரை ஈரம். மேடம் கையில் கண்டக்டர் எழுதிய அந்தப் பக்கம். "இவங்கதானே யாருமே இல்லாத அம்மா? தரையில நனைஞ்ச துணியோட கிடந்தாங்கன்னு எழுதியிருக்கே" என்று வாசலிலேயே கேட்டுவிட்டு, "நீங்க யாரும்மா?" என்றார்.

கண்டக்டர் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டார். மருமகள் அந்தக் காகிதத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். ஒரு டிக்கெட் கிழிக்கிற நேரம்கூட இருக்காது.

"பக்கத்து வீடு மேடம். அப்பப்ப வந்து பார்த்துக்குவேன்" என்றாள். பிறகு அவரிடம் திரும்பி, "உள்ள வாங்க சார்" என்றாள்.

மாமியாரின் தம்பி, முறைக்குச் சித்தப்பா. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அவரை அப்படித்தான் கூப்பிட்டவள். சார் என்றது அன்றைக்குத்தான்.

அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு படுத்திருந்தாள். காது கூர்மையானவள், எல்லாம் விழுந்திருக்கும். மருந்து என்னென்ன என்று மேடம் கேட்க, மருமகள் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். கிளம்பும்போது மேடம், "இப்படி ஒரு பக்கத்து வீடு எல்லாருக்கும் கிடைக்காது" என்றார்.

"ஆமாம் மேடம்" என்றார் கண்டக்டர்.

எழுதினதைக்கூட மன்னிக்கலாம், இந்த ஆமாமை மன்னிக்க முடியாது என்று அவருக்கே பட்டது. சாப்பிட உட்கார்ந்தால் அது வந்தது, முகம் கழுவக் குனிந்தால் அது வந்தது. இரண்டு நாள் கழித்து அக்காவைப் பார்க்கப் போனார். மருமகள் எப்போதும் போல டீ கொண்டுவந்து வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை. அக்காதான் சுவரைப் பார்த்தபடி பேசினாள்.

"அவ கம்பெனிய விட்டுட்டு என் மலத்தை அள்ளுறாடா. நீ ஒரு பேனாவ வச்சு அவளை வீட்டை விட்டே வெளிய தள்ளிட்ட."

டீ ஆறிப்போனது. அவர் குடிக்கவில்லை.

மறுநாள் அறக்கட்டளை ஆபீசுக்குப் போனார். நிதி கிடைக்கிற பட்டியலில் கட்டில் சங்கம் இருக்கிறது என்று வாசலில் இருந்தவரே சொல்லி வாழ்த்தினார். வாயை மூடிக்கொண்டு திரும்பியிருந்தால் தையல்காரர் வீட்டுக்கு அடுத்த மாசமே கட்டில் போயிருக்கும். கண்டக்டர் சிறிது நேரம் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். பிறகு உள்ளே போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

மேடம் கோபப்படவில்லை. பக்கத்து வீட்டுக்காரிக்கு எந்தத் தட்டில் எந்த மருந்து என்று எப்படித் தெரியும் என்று தனக்கும் ஒரு உறுத்தல் இருந்ததாகச் சொன்னார். இந்தச் சுற்றில் இனி எடுத்துக்கொள்ள முடியாது, ஆறு மாசம் கழித்து, நடந்ததை நடந்தபடி எழுதி, அந்த வீட்டில் ஒருவர் கையெழுத்தோடு கொண்டுவாருங்கள் என்றார்.

மில்காரர் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "பொய் சொல்லவும் தெரியலை, சொன்னதைக் காப்பாத்தவும் தெரியலை. உனக்கு எதுக்குய்யா பேனா?" அவர் வாய் அப்படி. தையல்காரர் அதைக் கேட்டபடி, வெட்டப்போகிற துணியில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். போட்ட கோட்டின் மேலேயே மறுபடியும் போட்டார்.

கண்டக்டர் மூன்று நாள் உட்கார்ந்து புதுப் பக்கம் எழுதினார். இந்தத் தடவை மருமகளைப் பற்றி. எடுத்துக்கொண்டு போய், "இதுல உன் கையெழுத்து வேணும்மா" என்று நீட்டினார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, நின்றபடி படித்தாள். படித்து முடித்ததும் பேனா கேட்டாள். கையெழுத்துக்கு என்று நினைத்துக் கொடுத்தார். அவள் அடிக்க ஆரம்பித்தாள். தெய்வம் என்று எழுதியிருந்ததை அடித்தாள். தூக்கம் மறந்து என்பதை அடித்தாள்.

"புரட்டிப் போடுறது ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இல்லை, மூணு மணிக்கு ஒரு தடவை. சில ராத்திரி நான் அசந்து தூங்கிடுவேன். அப்படித்தான் அத்தைக்கு முதுகுல புண்ணு வந்துது. அதையும் எழுதிக்குங்க."

கண்டக்டர் எழுதினார். முழுப் பக்கத்தில் மிஞ்சியது ஐந்து வரி. அதன் கீழே கையெழுத்துப் போட்டாள். உறவு என்கிற இடத்தில் மருமகள் என்று தன் கையாலேயே எழுதினாள்.

"தையல்காரர் அப்பாவை யாரு புரட்டிப் போடுறாங்க?" என்று கேட்டாள்.

கண்டக்டருக்குத் தெரியவில்லை. மூன்று முறை கட்டில் இல்லை என்று சொன்னவர், ஒரு முறையாவது அதைக் கேட்டதில்லை.

"தரையில கிடந்தாலும் புரட்டலாம். அவங்க வீட்டுல காட்டிட்டு வந்துடுறேன். நீங்க அத்தைகிட்ட இருங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் தெருமுனை தாண்டுவதற்குள் அக்கா தண்ணீர் கேட்டாள். கண்டக்டர் கால்மாட்டுக்குப் போய்க் கைப்பிடியைச் சுற்றித் தலைப்பக்கத்தை உயர்த்தினார். அது அவருக்குத் தெரிந்த வேலை. பிறகு டம்ளரை வாயில் சாய்த்தார். பாதித் தண்ணீர் கழுத்து வழியாக இறங்கி ஜாக்கெட்டை நனைத்தது.

"கழுத்துக்கு அடியில துணி வைக்கணும்டா. ஸ்பூன்ல குடுக்கணும்."

துணி எங்கே, ஸ்பூன் எங்கே என்று கேட்டார்.

"எனக்கெப்படித் தெரியும்? நான் எழுந்து போய்ப் பார்த்தேனா? அவளுக்குத்தான் தெரியும்" என்றாள் அக்கா.

கண்டக்டர் சமையலறையில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து ஸ்பூனைத் தேடினார். உள்ளேயிருந்து அக்கா, நனைஞ்ச துணி குளிருது என்றாள்.