மூன்று படங்களில் ஒரே மேகம்

போன வாரம் நம் படங்கள் சுற்றிவரும் தகரப் பெட்டி ஏழு நாள் முன்னதாகவே செமோருக்கு வந்துவிட்டது. தைப்பிங்கில் காசிம் மரைக்காயர் அண்ணன் கையில் பத்து நாள் தங்கிவிட்டு வர வேண்டிய பெட்டி, மூன்றாம் நாளே ரயிலேறி வந்தால் எனக்குக் கோபம் வராதா? "என்ன மனுஷன்யா இவரு! படத்தைப் பார்த்தாரா, பார்க்காமலே கட்டி அனுப்பிட்டாரா?" என்று நான் கணக்கெழுதும் கிராணியாக இருக்கிற தோட்டத்து ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டேன். கயிற்றை அவிழ்த்தால் மேலேயே அவருடைய மகன் எழுதிய கடிதம். "வாப்பா நேற்று சாயங்காலம் மௌத்தாகிவிட்டார்கள். இரண்டு நாள் காய்ச்சல்தான். பெட்டியை நம் வீட்டில் நிறுத்தி வைக்காதே, செமோர் கிராணியாருக்கு அனுப்பிவிடு என்று சொன்னார்கள்." சாவுச் செய்தியைப் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷம் முன்பு போட்ட சத்தத்தை எந்த முகத்தோடு திரும்பப் பெறுவது?

இதை எழுதி அதே பெட்டியில் வைக்கிறேன். நீங்கள் ஒவ்வொருவரும் படித்துவிட்டு அடுத்தவருக்கு அனுப்புங்கள். இந்த வருஷம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டி சுற்றும் வழக்கம் மரைக்காயர் அண்ணன் ஏற்படுத்தியது. ஒவ்வொருவரும் தான் போன இடத்தின் படம் ஒன்றை உள்ளே வைக்க வேண்டும். மற்றவர்கள் படத்தைப் பார்த்துவிட்டுப் பின்புறத்தில் மனதில் பட்டதை எழுத வேண்டும். முன்னால் நின்று புகழக் கூடாது, முதுகில்தான் திட்ட வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். அவருக்குத் தைப்பிங்கில் குடைக்கடை. வருஷம் முழுக்க மழை பெய்கிற ஊரில் குடை விற்றவர், கூட்டம் இல்லாத நேரத்தில் கேமராவும் முக்காலியுமாக ஏரிக்கரைக்குப் போய்விடுவார்.

சரக்கு எடுக்கப் பினாங்குக்குப் போகும்போதெல்லாம் கடலையும் படகுத்துறையையும் எடுத்து வருவார். எதிலும் மருந்துக்குக்கூட ஓர் ஆள் இருக்க மாட்டான். பத்து காஜா ஊர் ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர் அருளப்பன் ஒருமுறை நேரிலேயே கேட்டுவிட்டார். "ஏண்ணே, இவ்வளவு பெரிய துறையிலே ஒரு ஆளாவது நிக்க வேணாமா? பார்க்கவே பயமா இருக்குலா."

"ஆள் இல்லேன்னு யார் சொன்னா?" என்றார் மரைக்காயர் அண்ணன். "கேமராவுக்கு இந்தப் பக்கம் நான் நிக்கிறேனே, என்னைப் பார்த்தா ஆளாத் தெரியலையா?"

கேமராவில் போடும் நம் கண்ணாடித் தகடுகளின் குறை உங்களுக்கே தெரியும். மலையும் மரமும் நன்றாக விழும், வானம் மட்டும் வெள்ளைவெளேரென்று சலவைத் துணி மாதிரி வரும். அதனால் மேகத்தைத் தனித் தகட்டில் எடுத்து வைத்துக்கொண்டு, மலைப்படத்தை வெயிலில் அச்சுப் போட்ட பிறகு, அதே காகிதத்தின் வெற்று வானத்தில் மேகத் தகட்டை வைத்து மறுபடி வெயில் காட்டுவோம். ஊர் உலகத்தில் எல்லாப் படக்காரர்களும் செய்வதுதான். ஆனால் நமக்கு மேகம் கொடுத்தவர் ஒரே ஒருவர். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய தகட்டைப் பஞ்சில் பொதிந்து பெட்டியில் அனுப்பியிருந்தார். குவியல் குவியலாக எழும்பி, இடப்பக்க விளிம்பில் வெயில் பட்டு எரிகிற மேகம். கூடவே ஒரு சீட்டு. "மூணு நாள் ஏரிக்கரையில் காத்திருந்து பிடிச்சேன். மழை வரப்போற நேரமாப் பார்த்துக் குடைக்கடையைப் பூட்டிட்டுப் போறவன் உலகத்துலே நான் ஒருத்தன்தான்னு வீட்டிலே பேச்சு. வேணுங்கிறவங்க எடுத்துக்குங்க."

வேண்டாம் என்று யார் சொல்வார்? நான் எடுத்துக்கொண்டேன். செமோர் சுண்ணாம்பு மலைக்கு மேல் அந்த மேகத்தை வைத்து அச்சுப் போட்டேன். எனக்கே கண் கூசியது. எங்கள் தோட்டத்துத் துரை ஆபீஸுக்கு வந்தவர் அதை எடுத்துப் பார்த்து, "மேகம் எப்படிப் பிடிச்சே?" என்று கேட்டார். சின்னக் கிராணியும் கங்காணிகளும் சுற்றி நின்றார்கள். என் வாய் சும்மா இருந்திருக்கலாம். "மூணு மணி நேரம் மலையடியிலே காத்திருந்தேன் துரை" என்று சொல்லிவிட்டேன். அந்தக் கணம் எனக்கு அது பொய்யாகக்கூடப் படவில்லை. அவ்வளவு தலைக்கனம்.

அந்த மாதமே ஈப்போவில் பூக்காட்சி நடந்தது. ஒரு பந்தல் முழுக்கப் போட்டிக்கு வந்த படங்கள். நாம் ஒவ்வொருவரும் எந்தப் படத்தை அனுப்புகிறோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லாமல், பெரிய ரகசியம் போல அனுப்பியிருந்தோம். போய்ப் பார்த்தால் வரிசையாக மூன்று படங்கள். என் செமோர் மலை, அருளப்பனின் பத்து காஜா ஈயம் தோண்டிய குட்டை, ஈப்போ ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற வேலுவின் ஆற்றுப்பாலம். மூன்றுக்கும் மேலே அதே மேகம், அதே விளிம்பு, அதே வெயில்! பெட்டியோடு சுற்றின தகடு மூவர் கைக்கும் போயிருக்கிறது. நாலாவதாக மரைக்காயர் அண்ணனின் தைப்பிங் ஏரி. அதில் வானம் வெறும் வெள்ளை. "அன்னைக்கு அங்கே மேகம் இல்லே, அதான் வைக்கலே" என்றார். ஊருக்கெல்லாம் மேகம் கொடுத்தவர் தன் படத்துக்கு ஒரு துண்டு வைத்துக்கொள்ளவில்லை.

நடுவராக வந்த வெள்ளைக்காரர் கைத்தடியால் மூன்றையும் தொட்டுக் காட்டி, இது யாருடைய மேகம் என்று கேட்டார். பக்கத்தில் எங்கள் துரை, அவருடைய மனைவியோடு. "நம்ம கிராணி மேகம்! மூணு மணி நேரம் நின்னு பிடிச்சான்" என்று துரை பெருமையாகச் சொல்லி என்னைப் பார்த்தார். இல்லை என்று சொன்னால் தோட்டத்தில் என் பேச்சுக்கு மரியாதை இருக்காது. ஆமாம் என்றால் இரண்டடி தூரத்தில் நிற்கிற மனிதனிடமிருந்து திருடினவன் ஆவேன். நான் ஆமாம் என்றேன். நன்றாகச் சத்தமாகவே சொன்னேன்.

அருளப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. வாயைத் திறக்கப் போனவரின் கையை மரைக்காயர் அண்ணன் பிடித்தார். "டிரஸ்ஸரே, எனக்கு இங்கிலீஷ் வராது. நான் சொல்றதை அந்த நடுவருகிட்டே சொல்லுங்க. அது கிராணியார் மேகம்தான். எங்களுக்கும் கொடுத்து உதவினாருன்னு சொல்லுங்க." அருளப்பன் அசையவில்லை. "சொல்லுங்கலா, மனுஷன் வேர்த்துக் கொட்டுறாரு" என்றார் மெதுவாக. பல்லைக் கடித்துக்கொண்டு அருளப்பன் அதை இங்கிலீஷில் சொன்னார். வெள்ளிக் கோப்பை எனக்குக் கிடைத்தது. அருளப்பன் ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. வேலு பேசினார், ஆனால் மேகத்தைப் பற்றிப் பேசவில்லை. இருவரும் இதுநாள் வரை விஷயத்தை வெளியே விட்டதில்லை, மரைக்காயர் அண்ணன் அப்படிக் கேட்டுக்கொண்டாராம்.

நல்ல மனிதர் என்று சொல்லி அவரைச் சாதுவாக்கிவிடாதீர்கள். சட்டம் வைத்தவர் சட்டப்படியே நடந்தார். அதே செமோர் படத்தைப் பிறகு பெட்டியில் வைத்தேன். திரும்பி வந்தபோது பின்புறத்தில் அவருடைய கோழிக்கிறுக்கல். "மலைக்கு வலப்பக்கம் வெயில் அடிக்குது. மேகத்துக்கு இடப்பக்கம் அடிக்குது. எங்க ஊர்லே ஒரு சூரியன் முகம் காட்டுறதே பாடு, செமோர்லே கிராணியாருக்கு ரெண்டு சூரியனா?" தகட்டைத் திருப்பி வைத்து அச்சுப் போடக்கூடத் தெரியாமல் கோப்பை வாங்கியிருக்கிறேன். அந்த நடுவரும் கவனிக்கவில்லை. மறுவாரமே தைப்பிங்குக்குப் போனேன், மன்னிப்புக் கேட்பதா சண்டை போடுவதா என்று ரயிலில் முடிவு செய்ய முடியவில்லை. கடை வாசலில் என்னைப் பார்த்ததுமே, "சுடாலா, போதும் விடுங்க கிராணியாரே, அது முடிஞ்ச கதை. தேத்தண்ணி குடிங்க, மேலே நல்ல மேகம் கூடுது" என்று முக்காலியை என் தோளில் ஏற்றிவிட்டார். நானும் அதுதான் சாக்கு என்று வாயை மூடிக்கொண்டேன். நான்கு வருஷம் மூடியே இருந்தேன்.

இந்த முறை பெட்டியில் எல்லார் படத்தின் பின்புறத்திலும் நடுங்கின எழுத்தில் அவர் ஏதோ எழுதியிருந்தார். என் படத்தை எடுத்துத் திருப்பினேன், ஒன்றும் இல்லை. காய்ச்சலில் அதுவரை வர முடியவில்லை போலும்.

மறுநாள் காலையில் துரை பங்களாவுக்குப் போனேன். கோப்பை வாங்கின அந்தச் செமோர் படம் அவருடைய முன்கூடத்துச் சுவரில்தான் சட்டம் போட்டுத் தொங்குகிறது. "அந்த மேகம் நான் பிடிச்சது இல்லே துரை. தைப்பிங்லே குடைக்கடை வைச்சிருந்த காசிம் மரைக்காயர் பிடிச்சது. அன்னைக்கு நான் பொய் சொன்னேன்" என்றேன். துரை படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "யார், அந்தப் பந்தல்லே உனக்காக டிரஸ்ஸரைப் பேச வைச்ச ஆளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்றைக்குச் சொன்ன ஆமாம் போல இது சத்தமாக வரவில்லை. அவர் எழுந்து படத்தை ஆணியிலிருந்து கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஆபீஸில் எல்லாருக்கும் மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது. தெரியட்டும். ஞாயிற்றுக்கிழமை தைப்பிங்குக்குப் போய்க் கோப்பையை அவருடைய மகனிடம் கொடுக்கப் போகிறேன், வாங்கிக்கொள்வதும் மறுப்பதும் அந்தப் பிள்ளையின் விருப்பம்.

அவருடையதாக, சுற்றி முடித்து என்னிடமே தங்கிவிட்டது அந்த மேகத் தகடு. ஒரு மூலையில் பூசணம் பிடித்திருக்கிறது, மற்றபடி பழுதில்லை. இனி அதை எந்த மலைக்கு மேலும் வைக்க மாட்டேன். நேற்று வெயிலில் அதை மட்டும் தனியாக அச்சுப் போட்டு, அவருடைய படம் இருக்க வேண்டிய இடத்தில் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். அருளப்பன், வேலு, புதியவர்களே, எல்லாரும் எடுத்துப் பாருங்கள். திருப்பினால் நான் எழுதியது இருக்கும்.

"மேகம், தைப்பிங் ஏரிக்கரை. எடுத்தவர் காசிம் மரைக்காயர். காத்திருந்தவரும் அவரே."