கடைசிவரை நின்றவர்கள்

நான் படித்தது மூணாம் வகுப்பு. எழுத்துக் கூட்டிப் படிப்பேன். எண் நன்றாக எழுதுவேன். கம்பெனிக்கு எண்தான் வேண்டியிருந்தது.

சவுக்காரக் கம்பெனி. ஆபீசு சேலத்தில். இரண்டாம் யுத்தம் வருவதற்கு முந்திய காலம். கொல்லிமலையில் துணிக்கு உவர்மண்ணும் பூந்திக்கொட்டையும் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதை மாற்ற வேண்டும் என்று சேலத்தில் யாரோ முடிவு செய்திருந்தார்கள். மாற்றுகிற வேலை எனக்கு வந்தது.

மலை எனக்குப் புதிதில்லை. அதற்கு முந்திப் பத்து வருசம் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து உப்புப் பொதியை மேலே கொண்டுபோவேன், மிளகைக் கீழே கொண்டுவருவேன். ரோடு கிடையாது. கால்தடம்தான். திங்கட்கிழமை ஏறினால் சனிக்கிழமைதான் ஊடு.

கலியாணமாகி இரண்டு பிள்ளை பிறந்தது. இரண்டும் தங்கவில்லை. இரண்டு தடவையும் நான் மேலே இருந்தேன். மூன்றாவது தடவை முழுகாமல் இருந்தபோது ஊட்டுக்காரி ஒன்றுதான் சொன்னாள்.

"இந்தத் தடவை கீழ இருங்க."

அதற்காகத்தான் உப்பை விட்டுவிட்டுக் கம்பெனியில் சேர்ந்தேன். கம்பெனியில் மலை லைன், தரை லைன் என்று இரண்டு உண்டு. தரை லைன்காரன் பொழுது சாய ஊட்டுக்கு வந்துவிடுவான். நான் தரை லைன் கேட்டேன். ஆபீசர் சிரித்தார்.

"எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. முதல்ல மலை. எண்ணிக்கை நல்லா வந்தா தரை."

என்ன எண்ணிக்கை என்று கேட்டேன். அச்சடித்த பாரம் ஒன்று கொடுத்தார். நாலு கட்டம். வந்தவர். கடைசிவரை நின்றவர். கேள்வி கேட்டவர். கட்டி வாங்கியவர்.

பேச வேண்டிய பேச்சும் அச்சில் இருந்தது. 'மகாஜனங்களே' என்று ஆரம்பிக்கும். செய்ய வேண்டியதும் இருந்தது. கம்பெனி கொடுத்த வெள்ளை வேட்டியை எல்லார் முன்னாலும் விரிக்க வேண்டும். செம்மண் எடுத்து நானே பூச வேண்டும். பிறகு சவுக்காரம் போட்டுத் துவைத்து, இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, கூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும்.

"மண்ணை நானேங்களா பூசணும்?"

"நீயேதான். அழுக்கை ஜனங்க கண்ணால பாக்கணும்."

மலையில் சில ஊர் சேர்ந்தது ஒரு நாடு. முதல் வாரம் பைல் நாட்டில் ஒரு ஊர் மந்தையில் நின்று 'மகாஜனங்களே' என்றேன். மூன்று பேர் வந்தார்கள். பாதி பேச்சில் இரண்டு பேர் போனார்கள். மூன்றாவது ஆள் மாடு தேடி வந்தவர், கேட்டுவிட்டு அவரும் போய்விட்டார். எழுதினேன். வந்தவர் மூன்று. கடைசிவரை நின்றவர் இல்லை. கேள்வி கேட்டவர் ஒன்று. 'செவலை மாட்டைப் பாத்தீங்களா' என்பது கேள்வி. கேள்வியை எழுதக் கட்டம் இல்லை.

சேலத்திலிருந்து பதில் வந்தது. 'அபிவிருத்தி செய்யவும்.' எப்படி என்று எழுதவில்லை.

நான் யோசித்தேன். என் தொண்டை பத்து ஊட்டுக்குக்கூடக் கேட்காது. அந்த ஊரில் தமுக்கு அடிக்கிறவர் ஒருவர் இருந்தார். அவருக்கு இரண்டு கட்டி சவுக்காரம் கொடுத்து, எனக்காக அடிக்க முடியுமா என்று கேட்டேன். அவர் கட்டியை மோந்து பார்த்தார்.

"தின்கறதுங்களா?"

"இல்லீங்க. துவைக்கறது."

"எப்படி அடிக்கணும்?"

"உங்களுக்கு எப்படித் தெரியுமோ அப்படி."

அவருக்கு ஒரே அடிதான் தெரியும். அடித்தார். ஊடு ஊடாக ஆள் இறங்கி வந்தது. தினைக்கொல்லையில் இருந்தவர்கள் களைக்கொத்தை அப்படியே போட்டுவிட்டு வந்தார்கள். மந்தை நிறைந்தது. வட்டமாக நின்றார்கள். பேச்சுச் சத்தம் இல்லை. நான் மண் பூசினேன், துவைத்தேன், தூக்கிப் பிடித்துச் சுற்றினேன். ஒருத்தரும் நகரவில்லை. ஒருத்தரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் போனபோது சில பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். மரியாதை என்று நினைத்தேன். எனக்கே நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

கேள்வியும் கேட்டார்கள்.

"எந்த ஊருங்க?"

"ஊட்டுல எத்தனை பேருங்க?"

"இது நீங்களா ஒத்துக்கிட்டதுதானுங்களா?"

ஆமாங்க, நானாகக் கேட்டு வாங்கிய வேலைதான் என்றேன். ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டார்கள்.

வந்தவர் ஐம்பத்தெட்டு. கடைசிவரை நின்றவர் ஐம்பத்தெட்டு. கேள்வி கேட்டவர் ஒன்பது. கட்டி வாங்கியவர் இல்லை.

எடப்புளி நாட்டிலும் அப்படியே செய்தேன். அங்கேயும் தமுக்குக்காரருக்கு ஒரே அடிதான் தெரிந்தது. அங்கேயும் ஊட்டுக்கு ஒரு ஆள் வந்தது.

சேலத்தில் அவ்வளவு சந்தோசம். நாலாவது கட்டம் மட்டும் அவர்களை உறுத்தியது. பேச்சின் முடிவு பலமில்லை என்று கண்டுபிடித்தார்கள். இரண்டு புதுப் பேச்சு அச்சடித்து அனுப்பினார்கள். சிவப்புக் காகிதத்தில் ஒன்று, அதில் வெண்மையைப் பற்றி. மஞ்சள் காகிதத்தில் ஒன்று, அதில் ஆரோக்கியத்தைப் பற்றி. சிவப்பைப் பைல் நாட்டிலும் மஞ்சளை எடப்புளி நாட்டிலும் சொல்ல வேண்டும். எது நிற்கவைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இரண்டும் நிற்கவைத்தது. ஒரு தடவை மஞ்சள் காகிதம் மழையில் ஊறிக் கிழிந்துவிட்டது. நினைவில் இருந்ததை உளறினேன். அதற்கும் கடைசிவரை நின்றார்கள். அதை நான் ஆபீசுக்கு எழுதவில்லை.

ஊட்டுக்காரிக்கு அப்போது ஐந்து மாசம். சனிக்கிழமை போனால், "தரை லைன் என்னாச்சுங்க?" என்பாள். "எண்ணிக்கை நல்லா இருக்குது," என்பேன்.

விசயம் தெரிந்தது ஒரு பொம்பளையால். பைல் நாட்டில் துவைத்து முடித்து, வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தேன். கூட்டம் கலைந்துவிட்டது. சாமைக்கொல்லைக்காரி, என் வயதிருக்கும். வாராவாரம் முன்வரிசையில் நிற்கிறவள். கிட்டே வந்தாள்.

"ஏனுங்கண்ணா, கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. அப்படி என்னதான் பண்ணீங்க?"

"என்ன பண்ணினேன்?"

"ரெண்டு மாசமா நாட்டு முன்னால நிறுத்தி வேட்டியில மண்ணு பூசித் துவைக்க உட்டிருக்காங்களே. கீழ்நாட்டுல தண்டனைன்னா இதுதானுங்களா? இங்கெல்லாம் இத்தனை நாளைக்குப் போடமாட்டாங்க."

வேட்டி கையில் அப்படியே நின்றது.

அவளிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். அந்தத் தமுக்கு அடி, நாட்டுக் கூட்டத்துக்குக் கூப்பிடுகிற அடி. வழக்கு, தண்டனை என்றால் அடிப்பது. கேட்டதும் ஊட்டுக்கு ஒரு ஆள் வந்தாக வேண்டும். வராதவருக்குத் தண்டம். முடிகிறவரை யாரும் நகரக் கூடாது. தண்டனை வாங்குகிறவனைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. முதல் கட்டமும் இரண்டாவது கட்டமும் எப்படி நிறைந்தன என்று தெரிந்துவிட்டது.

"கட்டி ஒண்ணுகூட யாரும் வாங்கலையே, அது ஏம்மா?"

"ஒரு மனுசனைத் தண்டிக்கற சாமானை ஊட்டுக்குள்ள எப்படிங்க கொண்டுபோறது?"

அப்போதே சொல்லியிருக்கலாம். இது தண்டனை இல்லையம்மா, வியாபாரம் என்று. சொன்னால் எண்ணிக்கை போய்விடும். எண்ணிக்கை போனால் தரை லைன் போய்விடும். சும்மா இருந்தேன். சும்மா இருந்ததை நான் ஒப்புக்கொண்டதாக அவள் எடுத்துக்கொண்டாள்.

"சொல்ல வேண்டாமுங்க," என்றாள். இலையில் சுற்றிய பலாச்சுளையை வைத்துவிட்டுப் போனாள். தின்றேன். நல்ல இனிப்பு.

ஊட்டுக்காரிக்கு ஏழாம் மாசம் நடக்கும்போது ஆபீசரே மலைக்கு வந்தார். நாலு பேர் டோலியில் தூக்கி வந்தார்கள். தமுக்கு அடித்தது, சனம் வந்தது. வெள்ளைத் துணி போட்ட ஆள் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கவும், அன்றைக்குக் கூட்டம் இன்னும் அமைதி. தண்டனை போட்டவரே பார்க்க வந்துவிட்டார் என்று பேசிக்கொண்டார்களாம்.

முடிந்ததும் ஆபீசர் ஒருவரைக் கூப்பிட்டார்.

"எப்படிய்யா பேசறார் எங்க ஆள்?"

"நல்லாப் பேசறாருங்க. எதையும் ஒளிக்கறதில்லைங்க."

ஆபீசர் எழுதிக்கொண்டார்.

"இன்னும் எத்தனை நாளைக்குங்க இவரு?"

"இவரா? எப்பவும் வருவார்."

"ஆயுசுக்குமுங்களா?"

"ஆயுசுக்கும்."

கூட்டத்தில் 'உச்' கொட்டினார்கள். ஒரு பொம்பளை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஆபீசர் என்னைத் தனியாகக் கூட்டிப்போனார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"சேலம் கடைவீதியில கூத்துக்காரனை வெச்சுப் பாத்தோம். பாதிக்கு மேல நிக்கலை. உன்னை என்ன நேசிக்கறாங்க!"

"வாங்கறதில்லையேங்க."

"வாங்கறது பின்னால வரும். முதல்ல மனசு வரணும்."

"தரை லைன் சொன்னீங்க."

"தரைக்கு எவன் வேணா கிடைப்பான். உன்னை எடுத்தா மலையே போச்சு." தோளில் தட்டினார். டோலியில் ஏறினார்.

எண்ணிக்கை வந்தால் தரை என்றார்கள். வந்துவிட்டது, அதனால் மலை. இரவல் வேட்டியை மடித்து வைத்தேன்.

மறுநாள் ஊர்க்கவுண்டரிடம் போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்று போனேன்.

"இது தண்டனை இல்லீங்க. சவுக்காரம் விக்கறதுக்குத்தான் துவைக்கறேன்."

அவர் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"விக்கறியா? இத்தனை நாள்ல எத்தனை பேரு வாங்கினாங்க?"

"ஒருத்தருமில்லீங்க."

"ஒருத்தரும் வாங்காததை வாராவாரம் ஒருத்தன் மலையேறி வந்து விப்பானா?"

கட்டி ஒன்றை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"ஒத்துக்கறதுக்கு வெக்கப்படாத சாமி," என்றார். "என்னன்னு நாட்டுல சொல்லு. தீத்துவைக்கலாம். உங்க ஊருக்காரங்க தீக்கறதாக் காணோம்."

தமுக்கு அடித்தார்கள். இந்தத் தடவை நான் சவுக்காரம் கொடுக்கவில்லை. சனம் வந்தது. நடுவில் நின்றேன். கையில் வேட்டி இல்லை, காகிதம் இல்லை. என்ன தப்பு என்று கேட்டார்கள்.

ஏதாவது கட்டிச் சொல்லலாம் என்றுதான் போனேன். களவு, பொய், எதையாவது. வாயில் வந்தது வேறு.

"ரெண்டு பிள்ளை பொறந்து செத்துப்போச்சுங்க. ரெண்டு தடவையும் நான் ஊட்டுல இல்லீங்க. ஊட்டுக்காரி தனியாக் கெடந்தா. இப்ப ஏழு மாசம். கீழ இருன்னு சொன்னா. இங்க நிக்கறேன்."

நான் பேசினதிலேயே சின்னப் பேச்சு அது.

சாமைக்கொல்லைக்காரிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"இதுக்கு எதுக்குங்க வேட்டி துவைக்கோணும்? ஊட்டுக்குப் போனாப் பத்தாதா?"

பெரியவர்கள் நாலு பேர் ஒதுங்கிப் பேசினார்கள். ஊர்க்கவுண்டர் வந்து சொன்னார்.

"பொறக்கற பிள்ளை எந்திரிச்சு நடக்கற வரைக்கும் இவன் மலையேறக் கூடாது. ஏறினா நாடு தண்டம் போடும். மத்த நாட்டுக்கும் சேதி போகட்டும். அந்தக் கட்டியையெல்லாம் இங்க வெக்க வேண்டாம், கையோட எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க."

கட்டி மூட்டையைத் தூக்கிக்கொண்டு அன்றைக்கே இறங்கினேன்.

பாரம் எழுதினேன். வந்தவர் அறுபத்திரண்டு. கடைசிவரை நின்றவர் அறுபத்திரண்டு. கேள்வி கேட்டவர் ஒன்று. கட்டி வாங்கியவர் இல்லை. கீழே வெறும் இடம் இருந்தது. அதில், 'நாட்டார் கூடி என்னை விலக்கினார்கள். மலையேறத் தடை' என்று எழுதினேன். சேலத்துக்கு நானே கொண்டுபோனேன்.

ஆபீசர் படித்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"சீமைச் சாமான் வாங்காதேங்கற கதர்க்காரங்க மலைக்கும் ஏறிட்டாங்களா?"

"இல்லீங்க."

"பயப்படாமச் சொல்லு."

"அப்படி யாரும் வரலீங்க."

"மிரட்டி வெச்சிருக்காங்க," என்று கிளார்க்கிடம் சொன்னார். "மனுசன் வாயே திறக்கமாட்டேங்கறான்."

நான் எப்போதும் அவ்வளவுதான் பேசுவேன். அன்றைக்கு அது உதவியது. உயிரோடு இருந்தால்தானே வேலை என்று சொல்லி, காரவள்ளியைச் சுற்றித் தரை லைன் எழுதிக் கொடுத்தார். தரையில் தமுக்கு அடித்தால் ஆறேழு பேர் வருவார்கள். பாதியில் போவார்கள். இரண்டு பேர் கட்டி வாங்குவார்கள். எண்ணிக்கை விழுந்துவிட்டது என்று ஆபீசர் வருத்தப்பட்டார். மலையில் இருந்த அந்தத் திறமை எங்கே போயிற்று என்று கேட்டார்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் ஊட்டுக்காரிக்கு வலி எடுத்தது. நான் ஊட்டில் இருந்தேன். மருத்துவச்சி வெந்நீர் கேட்டாள். கொண்டுவந்து கொடுத்தேன். இன்னும் கேட்டாள். இன்னும் கொடுத்தேன். என்னால் ஆனது அவ்வளவுதான். பெண் பிள்ளை. அழுதது. மறுநாளும் அழுதது. தங்கியது.

உள்ளே போய்ப் பார்த்தபோது ஊட்டுக்காரி, "இருக்கீங்களா?" என்றாள்.

"இருக்கறேன்," என்றேன்.

கம்பெனி மலையை மறக்கவில்லை. அறுபத்திரண்டு பேர் கடைசிவரை நின்ற இடம் வேறெங்கும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 'தடை நீங்கிற்றா' என்று கேட்டு அடுத்த வருசக் கடைசியில் கடுதாசி வந்தது. 'இன்னும் இல்லீங்க' என்று கார்டு எழுதினேன். பிள்ளை என் விரலைப் பிடித்துக்கொண்டு தபால் பெட்டிவரை கூடவே நடந்து வந்தது.