நின்றால் கொதிக்கும் வண்டி

பேய் வர இருட்டு வேண்டும் என்று நினைப்பவர்கள் இதை நம்ப மாட்டார்கள். இது அவனியாபுரத்தில், சித்திரை மாதத்தில், நட்டநடுப் பகலில் நடந்தது. நடந்தது என்றுதான் சொல்கிறேன். காற்றுவாக்கில் வந்த கதை இல்லை. சூர்யபிரகாஷ் கோயில் பிரகாரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சொல்லி முடித்துவிட்டு, கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை முதலில் என்னிடம் நீட்டினான். அதற்கு முன் அவன் எதற்கும் பயந்தவன் இல்லை. யாரையும் மதித்தவனும் இல்லை.

சூர்யபிரகாஷ் ஒர்க் ஷாப் வைத்திருந்தான். வெளிநாட்டுக் காரை மட்டும்தான் தொடுவான். யாராவது ஷேர் ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றால், "இது தகர டப்பா பாக்குற கடை இல்லண்ணே, அங்கிட்டுப் போங்க" என்பான். அக்கம்பக்கத்து மெக்கானிக்குகளுக்கு அவன் வைத்த பெயர் சுத்தியல் டாக்டர்கள். வண்டியைக் கொண்டுவருகிற பணக்காரர்களையும் விடமாட்டான். அவர்கள் தலை மறைந்ததும், "வாங்கத் தெரிஞ்சிருக்கு, வச்சுக்கத் தெரியல" என்று உதட்டைப் பிதுக்குவான்.

அவனிடம் எலக்ட்ரீஷியனாக இருந்தவன் மலைச்சாமி. கூடப் படித்தவன். கோடை தொடங்கியதும் கடை வாசலில் இரும்பு ஸ்டாண்டு போட்டு ஒரு மண்பானையில் தண்ணீர் வைத்தான். போகிற வருகிற ஆட்கள் நின்று குடித்துவிட்டுப் போனார்கள். ஒரு நாள் மூட்டை தூக்குகிற ஒருவர் குடித்துவிட்டு, நின்றிருந்த ஒரு காரின் பானட்டில் கையை ஊன்றிவிட்டார். அவ்வளவுதான். சூர்யபிரகாஷ் பானையைத் தூக்கித் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினான்.

"கண்டவனும் வந்து நிக்கிறதுக்கு இதென்ன சத்திரமா?"

"வாய் நனைக்கத்தேன மாப்ள வாராய்ங்க. உன் வண்டியவா குடிக்கிறாய்ங்க?" என்றான் மலைச்சாமி.

பானை கடைக்குப் பின்னால் குப்புறக் கிடந்தது.

அந்த மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் வந்தது அதற்கு அடுத்த வாரம். சொந்தக்காரர் ஸ்ரீராம்குமார், பல் டாக்டர். வேறொருவரிடமிருந்து பழைய வண்டியாக வாங்கியிருந்தார்.

"ஓடுறப்ப ஒண்ணும் இல்ல சார். நூறுல போனாலும் டெம்பரேச்சர் ஊசி நடுவுல நிக்குது. சிக்னல்ல நின்னா போதும், கொதிக்குது. மூணு இடத்துல பார்த்தாச்சு."

"அவனுங்க எங்க பார்த்தானுங்க, பளபளப்புல அவனுங்க முகத்தைத்தான் பார்த்திருப்பானுங்க. விட்டுட்டுப் போங்க."

வாயில் அப்படி வந்தாலும், உள்ளுக்குள் அவனுக்கு வேறு கணக்கு இருந்தது. இரண்டு மாதமாகக் கடை வெறிச்சென்று கிடந்தது. எல்லாரையும் எடுத்தெறிந்து பேசுகிறவனிடம் யார் வருவார்கள்? ஸ்ரீராம்குமாரின் நண்பர்கள் பத்துப் பேரிடம் இப்படி வண்டிகள் இருந்தன. இதைச் சரிசெய்தால் அத்தனையும் இங்கே வரும். முடியவில்லை என்றால் வண்டி கோயம்புத்தூர் போய்விடும். அதோடு இந்தக் கடையின் ஷட்டரும் இறங்கிவிடும்.

நின்றால் மட்டும் சூடாகிறது என்றால் ஃபேனைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஓடும்போது காற்று தானாக வரும். நிற்கும்போது ஃபேன்தான் காற்றை உள்ளே இழுக்க வேண்டும். முன்பக்கக் கிரில்லில் ஒரு காகிதத்தைப் பிடித்தான். காகிதம் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. ஃபேன் சரி. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் புதிது. ரேடியேட்டரில் அடைப்பு இல்லை. தண்ணீர் பம்ப் நன்றாகச் சுற்றியது. காற்றை அடைத்துப் பிரஷர் வைத்துப் பார்த்தான். ஒரு பொட்டுக் கசிவு இல்லை.

ஆனாலும் கொதித்தது.

கொதிக்கும்போது ஒரு வாசனை வந்தது. சூடான ரப்பர் வாசனை இல்லை, ஆயில் வாசனையும் இல்லை. அரைத்த சந்தனம். குனிந்து பார்த்தான். முன் பம்பரில், கீழே, உள்ளங்கை அகலத்துக்கு, வண்டியின் மஞ்சளைவிட வெளிறலாக ஒரு தீற்றல்.

"பல் டாக்டர் பூசை போட்டு அப்பிக் கொண்டாந்திருக்காரு பாரு. வண்டியைப் பிள்ளையார்னு நெனச்சுட்டாரு போல" என்று சிரித்துக்கொண்டே துணியால் துடைத்தான்.

மறுநாள் காலையில் தீற்றல் அதே இடத்தில் இருந்தது. ஈரமாக.

"திரும்ப எவன்டா இத அப்புனது?" என்று மலைச்சாமியிடம் கத்தினான். மலைச்சாமி அதன் பக்கமே போயிருக்கவில்லை.

இன்ஜினைக் குளிர்விக்கிற பச்சைத் திரவமான கூலன்ட்டை வடித்துவிட்டு, சோதனைக்கு வெறும் தண்ணீர் ஊற்றினான். இன்ஜினை நின்ற இடத்திலேயே ஓடவிட்டான். அதிசயம், சூடு ஏறவே இல்லை. ஆனால் ரேடியேட்டர் டேங்கில் தண்ணீர் இறங்கிக்கொண்டே வந்தது. அது தீர்ந்த பிறகுதான் ஊசி ஏறத் தொடங்கியது. மறுபடி ஊற்றினான். மறுபடி இறங்கியது. பச்சைக் கூலன்ட் இருந்தபோது ஒரு சொட்டுக் குறையவில்லை, வண்டி கொதித்தது. நல்ல தண்ணீர் இருந்தபோது வண்டி கொதிக்கவில்லை, தண்ணீர் குறைந்தது.

எங்கே போகிறது?

சைலன்சரில் வெள்ளைப் புகை இல்லை. ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை. வண்டிக்கு அடியில் காய்ந்த தரை. வண்டிக்கு முன்னால் மட்டும், பம்பரிலிருந்து ஓரடி தள்ளி, சிமெண்டில் இரண்டு ஈரப் புள்ளிகள். பக்கத்தில் பக்கத்தில். அவற்றுக்கு மேலே ஹோஸ் இல்லை, பைப் இல்லை. எதுவுமே இல்லை.

"ஏசித் தண்ணியா இருக்குமோ?" என்றான் மலைச்சாமி.

"ஏசி போடவே இல்ல. வயரை மட்டும் பாருடா நீ."

அன்று உச்சி வெயிலில் மாயக்காள் வந்தாள். பழங்காநத்தத்திலிருந்து நுங்குக் கூடையைச் சுமந்து வருகிறவள். வாசலில் பானை இருந்த இடத்தை ஒருமுறை பார்த்தாள். சூர்யபிரகாஷ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மலைச்சாமி தன் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய், "கைய ஏந்துக்கா" என்று ஊற்றினான். கூடையை இறக்காமலே அவள் இரண்டு கையையும் சேர்த்து ஏந்திக் குடித்தாள். மணிக்கட்டில் வழிந்த தண்ணீர், முழங்கைகளிலிருந்து தரையில் சொட்டியது.

இரண்டு ஈரப் புள்ளிகள்.

சூர்யபிரகாஷ் அதைப் பார்த்தான். திரும்பி வண்டிக்கு முன்னால் பார்த்தான்.

அதே மாதிரி. ஆனால் மாயக்காளின் புள்ளிகளுக்கு இடையே ஒரு முழம் இடைவெளி. வண்டிக்கு முன்னால் இருந்தவை... நெருக்கமாக இருந்தன. ஒரு சாண்கூட இல்லை.

"மண்டைக்கு வெயில் ஏறிருச்சு" என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

மறுநாள் வந்தது. அன்று மாலைக்குள் வண்டியைக் கொடுத்தாக வேண்டும். உச்சிப்பொழுது. ஹோஸ் கிளாம்ப் வாங்க மலைச்சாமி கிளம்பினான். "வாரேன் மாப்ள. தனியா இருக்க, பார்த்துக்க" என்றான்.

"பேய் பிடிச்சுட்டுப் போயிருமா? போடா."

ஷட்டரைப் பாதி இறக்கினான். இன்ஜின் சூட்டைக் காட்டும் ஸ்கேனரை மாட்டி இன்ஜினை ஓடவிட்டான். எண்பத்தெட்டு டிகிரி. வெளியே தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

டேங்கில் தண்ணீர் இறங்கியது. ஊற்றினான். இறங்கியது. ஊற்றினான். இருபது லிட்டர் கேன் காலியாகிவிட்டது. குழாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

தொண்ணூற்றாறு. நூற்றிரண்டு.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

மடக்... மடக்... மடக்...

ஹோஸுக்குள் காற்று மாட்டியிருக்கும் என்று நினைத்தான். நூற்றெட்டு. இனி ஓடவிட்டால் இன்ஜின் போய்விடும். அணைத்தான். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டான்.

இன்ஜின் நின்றது. ஃபேன் நின்றது.

மடக்... மடக்...

அது நிற்கவில்லை.

சந்தன வாசனை. ஆயிலும் பெட்ரோலும் ஊறிய அந்தக் கடை முழுக்க, கோயிலுக்குள் நிற்பது போல. அவனுக்குத் தொண்டை வறண்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மேசைமேல் அவனுடைய பாட்டில் இருந்தது. பாதித் தண்ணீர். எடுத்து மூடியைத் திறந்தான்.

"அய்யா..."

கை அப்படியே நின்றது.

"அய்யா... கொஞ்சம் தண்ணி."

ஆண் குரல். களைத்த, மரியாதையான குரல். வண்டிக்கு முன்னாலிருந்து வந்தது. அங்கே யாரும் இல்லை. ஷட்டருக்குக் கீழே வெயில் மட்டும் கிடந்தது.

ஓடப் பார்த்தான். வெளியே போகும் வழி அந்தக் குரலைத் தாண்டித்தான் இருந்தது.

வாழ்நாளில் ஒருவருக்கும் ஒரு வாய் தண்ணீர் கொடுத்திராதவன், அந்தப் பாட்டிலை வண்டிக்கு முன்னால் நீட்டி, மெல்லச் சாய்த்தான். பயத்தில்தான் செய்தான். ஆனால் செய்தான்.

தண்ணீர் விழுந்தது. பாதி வழியில் கலைந்து சிதறித் தரையில் தெறித்தது.

"கொஞ்சம் இறக்கி ஊத்துங்கய்யா."

கையை இறக்கினான்.

"இன்னும் கொஞ்சம்..."

முழங்கால் மடங்கி உட்கார்ந்தே விட்டான்.

ஊற்றினான்.

தண்ணீர் தரைக்கு வரவில்லை.

பாட்டில் வாயிலிருந்து இறங்கியது... பம்பர் உயரத்தில் நின்றது... மறைந்தது.

கீழே சொட்டு. பக்கத்தில் இன்னொரு சொட்டு.

மடக். மடக். மடக்.

பாட்டில் தீர்ந்தது.

"ஹா..."

சின்னதாக ஒரு மூச்சு. அவன் முகத்தின் மேல் பட்டது. குளிர்ந்த மூச்சு.

பிறகு ஒன்றுமில்லை.

மலைச்சாமி வந்தபோது அவன் தரையில் உட்கார்ந்திருந்தான். "தண்ணி ஊத்தி ஸ்டார்ட் பண்ணு" என்றான். தண்ணீரும் கூலன்ட்டும் கொண்டுவந்து நிரப்பி, வண்டியை ஓடவிட்டார்கள். எண்பத்தெட்டு. சாயங்காலம் ஸ்ரீராம்குமார் வரும்வரை அது எண்பத்தெட்டைத் தாண்டவில்லை. ஒரு சொட்டும் குறையவில்லை.

"என்ன சார் ஃபால்ட்டு?" என்று டாக்டர் கேட்டார்.

"தண்ணிதான் சார்" என்றான் சூர்யபிரகாஷ். பிறகு, "இதுக்கு முன்னாடி யாருட்ட இருந்துச்சு?" என்று கேட்டான்.

டாக்டருக்கு அந்த மனிதரைப் பற்றி அதிகம் தெரியவில்லை. அவரிடம் டிரைவராக இருந்த ராம்கியின் நம்பர் மட்டும் இருந்தது. அன்றே சூர்யபிரகாஷ் போன் போட்டான். மஞ்சள் வண்டி என்றதும் ராம்கி முந்திக்கொண்டான்.

"நின்னாக் கொதிக்குதாண்ணே?" என்றான் ராம்கி.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"போன சித்திரை. திருப்பரங்குன்றம் தாண்டி ரோட்டோரம் நிப்பாட்டச் சொன்னாரு முதலாளி. போன் பேசணுமாம். ஏசிக்காக இன்ஜின் ஓடிக்கிட்டே இருந்துச்சு. உச்சி வெயிலு. ஒரு ஆளு வண்டிக்கு முன்னால வந்து கையேந்தி நின்னாரு. தண்ணின்னு வாய அசைச்சாரு. நான் கண்ணாடிய இறக்கப் போனேன். இறக்காதடா, உள்ள இருக்க குளிரு வெளிய போயிரும்னாரு முதலாளி."

"வண்டில தண்ணி இருந்துச்சா?"

"ரெண்டு பாட்டில். ஐஸ் தண்ணி."

சூர்யபிரகாஷுக்கு அந்த முதலாளியின் முகத்தில் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. அடுத்த கணமே, சாக்கடையில் ஓடிய பானைத் தண்ணீர் கண்ணுக்குள் வந்தது.

"அப்புறம்?"

"அவரே கைய நீட்டி ஆரன் அடிச்சாரு. வண்டிய ரிவர்ஸ் எடுக்கச் சொன்னாரு. எடுத்தேன். மறுநாள் பேப்பர்ல பார்த்தேன், வெயில்ல சுருண்டு விழுந்துட்டாங்கன்னு. அதோட வேலைய விட்டுட்டேன்ணே."

"விழுந்துட்டாங்கன்னா... எத்தன பேரு?"

"அவரு தனக்குக் கேக்கலண்ணே. கூட ஒரு பொம்பளப் பிள்ள. கோயில்ல மொட்ட போட்டுட்டு வந்திருக்காக. தல நெறையச் சந்தனம். நிக்க முடியாம, நம்ம வண்டி பம்பர்ல தலையச் சாச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு."

சூர்யபிரகாஷ் கேட்க விரும்பவில்லை. ஆனாலும் கேட்டான். "எம்புட்டு உயரம் இருக்கும்?"

"பானட் உயரங்கூட இல்லண்ணே."

"அவரு..."

"ஆஸ்பத்திரியில. சாயங்காலமா."

"பிள்ள?"

"அதுதேன் முதல்ல."

மறுநாள் காலையில் மலைச்சாமி வந்தபோது, வாசலில் பானை நின்றிருந்தது. கழுவி, நிறைத்து, மூடி வைத்து, மேலே ஒரு டம்ளர் கவிழ்த்திருந்தது.

"என்ன மாப்ள, கண்டவனும் வருவானே?"

"வரட்டும்டா."

டாக்டர் இரவே சொல்லியிருக்க, அவருடைய நண்பர்களின் வண்டிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. சூர்யபிரகாஷ் அவற்றைத் தெருவோரம் நிறுத்திவிட்டு, பானையை நிழலில் வைத்தான். பம்பர் உயரத்துக்குக் கையை வைத்து அளந்து பார்த்தான். பிறகு ஸ்டாண்டை அப்புறப்படுத்திவிட்டு, பானையை இறக்கித் தரையிலேயே மணல் பரப்பி வைத்தான்.

உச்சிப்பொழுதில் எட்டிப் பார்த்தான். மாயக்காள் அன்று வரவில்லை. தெருவில் யாருமே இல்லை.

பானையின் மூடி விலகியிருந்தது. டம்ளர் அதன்மேல் கவிழ்த்தபடியே, காய்ந்து இருந்தது. பானைக்கு முன்னால், சிமெண்டில், பக்கத்தில் பக்கத்தில், இரண்டு சின்ன ஈரப் புள்ளிகள்.