எரிந்த தட்டின் கீழே

என் மகளின் வீட்டுக் கீழ்த்தளம் எரிந்து அணைந்த மறுநாள், வங்காலையிலிருந்து பஸ் எடுத்து, கடலுக்கு நடுவே போகும் தாம்போதியைக் கடந்து தீவுக்குப் போனேன். வீட்டில் எல்லோரும் ஏறக்குறைய மகிழ்ச்சியாகவே இருந்தார்கள். ஒருவருக்கும் காயமில்லை. கீழ்த்தளம் வலை வைக்கும் கூடம். பதினான்கு கட்டு நைலோன் வலை, சாக்குச் சாக்காக மிதப்புகள், படகுக்குப் பூசும் பிசின் நான்கு வாளி, மண்ணெண்ணெய் மூன்று கலன், எல்லாம் போயிருந்தன. மேல்தளத்தில் மகளும் மருமகனும் இரண்டு பிள்ளைகளும் மருமகனின் தாயாரும் குடியிருக்கிறார்கள். அங்கே ஒரு திரைச்சீலைகூடக் கருகவில்லை.

"ஓட்டு வீடெண்டா கூரை வளையோட எல்லாம் போயிருக்கும் மாமா. கொங்கிறீற் எரியாதுதானே," என்றார் மருமகன்.

எரியாதுதான். முப்பத்தொரு ஆண்டுகள் கட்டடங்களைப் பார்வையிடுவதே என் உத்தியோகமாக இருந்தது. அந்த வசனத்தை எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன் என்பதை மட்டும் நான் எண்ணி வைக்கவில்லை.

கூடத்துக்குள் போய் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்தேன். ஓரங்களில் கரி. நடுவில் கரிகூட இல்லை; சூடு அதையும் எரித்திருந்தது. அந்த இடத்தில், மேல்தளத்தைத் தாங்கும் கொங்கிறீற் தட்டின் அடி இளஞ்சிவப்பாக இருந்தது. சங்கை உடைத்தால் உள்ளே தெரியுமே, அந்த நிறம். முந்நூறு பாகைக்கு மேல் வெந்த கொங்கிறீற்றுக்குப் பெரும்பாலும் அந்த நிறம் வரும். ஐந்து இடங்களில் அடிப்பக்கம் சில்லுச் சில்லாகக் கழன்று விழுந்து கம்பி தெரிந்தது. பதினொரு கம்பிகள். சுத்தியல் ஒன்றை வாங்கித் தட்டினேன். நல்ல தட்டு கணீரென்று பதில் சொல்லும். இது வெறும் கடதாசிப் பெட்டியைத் தட்டினாற்போல இருந்தது.

தீ பிடித்த நேரத்தில் உள்ளே வேட்டுப் போட்டாற்போல வெடித்தது என்று சம்பந்தியம்மா சொன்னார். காஸ் சிலிண்டர் என்று நினைத்துப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினாராம். கூடத்தில் சிலிண்டர் இருக்கவில்லை. கொங்கிறீற்றுக்குள் தங்கியிருந்த ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் அதையே பிய்த்துக்கொண்டு வந்த சத்தம் அது.

அணைத்த விதத்தை மருமகன் பெருமையாகவே விபரித்தார். கரையில் நின்ற பெடியள் இரண்டு இயந்திரப் பம்பிகளைக் கொண்டுவந்து, குழாயைக் கடலுக்குள் போட்டு, கோயிலில் பாடற்பூசை ஒன்று தொடங்கி முடியும் நேரம் நின்று அடித்திருக்கிறார்கள். எங்கள் கரையில் வீடு எரிந்தால் கடல்தான் கிட்ட இருக்கிற தண்ணீர். வேறு எதை அடிப்பார்கள்? ஆனால் கொதித்துக் கிடந்த தட்டு அந்தக் குளிரில் மயிரிழை மயிரிழையாய் வெடித்தது. வெடிப்பு வழியே உப்பு கம்பி வரைக்கும் போய்விட்டது.

மருமகனை உட்கார வைத்துச் சொன்னேன். கம்பி சூட்டில் இளகும், ஆறினால் பெரும்பாலும் பலம் திரும்பும். கொங்கிறீற்றுக்குத் திரும்பாது. ஆறிய பிறகும் அது நலியும். வெந்த சீமெந்திலுள்ள சுண்ணாம்பு, காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துக் குடித்து வீங்கி, உள்ளிருந்து நெம்பும். தீ அணைந்த அன்று நின்ற தட்டு ஒரு மாதம் கழித்தும் நிற்கும் என்று யாரும் கையடித்துச் சொல்ல முடியாது.

இதை நான் கண்டிருக்கிறேன். சனங்கள் மீளக் குடியேறிய காலத்தில், கட்டுக்கரைப் பக்கம் எரிந்து கறுத்த ஒரு களஞ்சியத்துக்கு வெள்ளையடித்துப் புழங்கினார்கள். மேல்தட்டில் நெல் காயப் போட்டார்கள். முதற்போகம் தாங்கியது. அடுத்த போகத்தில், எட்டு மூடை நெல்லைப் பரப்பிவிட்டுச் சாப்பிடப் போனவர்கள் திரும்பி வந்தபோது நெல் கீழே கிடந்தது. அதற்கடியில் நிழலுக்குக் கட்டியிருந்த ஆடுகள் மூன்று.

மருமகன் மரியாதையாகக் கேட்டார். பிறகு மேசனைக் கூப்பிட்டார். மேசன் அவருக்கு ஒன்றுவிட்ட தம்பி, அந்த வீட்டைக் கட்டியவர்.

"ஐயா, கறுத்துப்போச்சு, அவ்வளவுதான். கொத்திப் பூசிவிட்டா புதுசு," என்றார் மேசன்.

கூடத்தின் குறுக்கே, சுவரிலிருந்து சுவருக்கு நூல் கட்டிக் காட்டினேன். தட்டின் நடு ஒன்றரை அங்குலம் இறங்கியிருந்தது. அது கட்டின நாளிலிருந்தே அப்படித்தான் என்றார் மேசன்.

மாதா கோயில் திருநாளுக்கு ஒன்றரை மாதம் இருந்தது. அவசரம் அதற்காகத்தான். அந்த வீட்டு வாசலில் கூடு என்கிற சப்பரம் நின்றுதான் போகும். மாதாவின் சுருவத்தைக் கூட்டில் வைத்துத் தெருத் தெருவாகச் சுற்றி வரும்போது, தெருவுக்கு மேலே நான்கடி நீட்டிக்கொண்டிருக்கும் மேல்தளத்துப் பல்கணியிலிருந்து குடும்பத்தார் பூச் சொரிவார்கள். தட்டுப் போட்ட வருடத்திலிருந்து அது அவர்கள் உரிமை. போன வருடம் கீழே நின்று எண்ணினேன்: முப்பத்துநான்கு பேர், அதில் பன்னிரண்டு பிள்ளைகள். தீ கூடத்து வாசலால் வெளியே வந்து அந்தப் பல்கணியின் அடியைத்தான் அதிகம் நக்கியிருந்தது.

பனங்குற்றிகளால் முட்டாவது கொடுக்கச் சொன்னேன். திருநாள் விருந்தைக் கூடத்தில்தான் பரிமாற வேண்டும், இடைஞ்சலாக இருக்கும் என்றார்கள். பூசி, வெள்ளையடித்து முடித்தார்கள். பார்வைக்குக் குறையில்லை. எனக்கு அந்த வெள்ளைதான் பயம். இளஞ்சிவப்பை இனி எவரும் பார்க்க முடியாது.

திருநாளன்று காலைப் பூசை முடிந்து, கூடத்தில் பாய் விரித்துச் சாப்பாடு நடந்தது. நான் முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். சம்பந்தியம்மா எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "சம்மந்திக்கு எங்கட வீட்டுச் சோறு பிடிக்கும், கூரைதான் பிடிக்காது."

பந்தி எழும்பிய பிறகு மகளை மட்டும் உள்ளே கூட்டிப்போய் மேலே பார்க்கச் சொன்னேன். வெள்ளைக்குள்ளால் மண்ணிறக் கோடுகள் கசிந்திருந்தன. ஒன்றுக்கொன்று சம இடைவெளியில், மெலிந்த மாட்டின் விலா எலும்புபோல. உள்ளே கம்பி துருப்பிடித்து, தான் இருக்கும் இடத்தைத் தானே காட்டிக்கொண்டிருந்தது. பல்கணிப் பக்கம் புதுப்பூச்சில் சுவரோடு ஒரு வெடிப்பு ஓடியது. நேற்றைக்கு நான் பார்த்தபோது அது பாதி நீளம்தான்.

மகள் அண்ணாந்து கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இதுக்கு மேலதானே அப்பா பிள்ளையளின்ர கட்டில்?" என்றாள்.

"ஓம்."

அவள் மேலே போய்ப் பிள்ளைகளை இறக்கினாள். படிக்கதவைப் பூட்டித் திறப்பைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள். மாலையில் வந்த சொந்தங்கள் பூத்தட்டோடு படியடியில் நின்று திகைத்தார்கள். மருமகனின் முகம் இறுகியது. சம்பந்தியம்மா பேசினார்.

"மாதாவுக்குப் பூவைக் கீழையிருந்து எறியுறதோ? மழை எங்கயிருந்து பெய்யுறது எண்டாவது உன்ர கொப்பருக்குத் தெரியுமோ?"

"நான் பூட்டினது மாமி. அப்பா இல்லை," என்றாள் மகள்.

கூடு வந்து நின்றது. தெருவில் நின்று மேல்நோக்கி எறிந்தார்கள். பாதிப் பூ எறிந்தவர்களின் தலையிலேயே விழுந்தது, சிலர் சிரித்தார்கள். பல்கணி வெறுமையாக, வெள்ளையாக, ஒரு சலனமும் இல்லாமல் நின்றது. என்னை ஓரக்கண்ணால் பார்த்தவர்களில் மேசனும் ஒருவர். கூடு நகர்ந்ததும் வழக்கம்போல வெடிக்கட்டைக் கொளுத்தினார்கள். அது ஓய்ந்த பிறகு இன்னுமொரு சத்தம் கேட்டது. வெடிச் சத்தமில்லை. நெல் மூடையைத் தோளிலிருந்து போட்டாற்போல.

கூடத்துக்குள் புழுதி நின்றது. பாய் விரித்திருந்த இடத்தில், கதவளவு துண்டொன்று நாலாக உடைந்து கிடந்தது. மேலே, தீக்குப் பிறகு பதினொன்றாய்த் தெரிந்த கம்பி இப்போது இருபத்துமூன்றாகியிருந்தது. தட்டு விழவில்லை. தொங்கிக்கொண்டு நின்றது.

அன்றே எல்லோரும் வங்காலைக்கு வந்துவிடுவதென்று மருமகனே சொன்னார். வான் வந்ததும், மேலே இருக்கும் மருமகனின் தகப்பனார் படத்தை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று சம்பந்தியம்மா நின்றார். மகள் மறித்தாள். மருமகன் திறப்பை வாங்கிக்கொண்டு தனியே ஏறினார்.

நானும் சம்பந்தியம்மாவும் கூடத்து வாசலில் நின்றோம். மேலே மருமகன் கால் வைக்கும் ஒவ்வொரு முறையும், அந்தக் கம்பிகளுக்கிடையிலிருந்து மெல்லிய தூள் கொட்டியது. அவர் எங்கே நடக்கிறார் என்பதைத் தூளை வைத்தே எங்களால் பார்க்க முடிந்தது. தூள் மெதுவாகப் பல்கணிப் பக்கம் போனது. படம் அந்தச் சுவரில்தான் தொங்குகிறது. தூள் அங்கே போய் நின்று, கொட்டிக்கொண்டேயிருந்தது.

சம்பந்தியம்மா கையிலிருந்த வெறும் பூத்தட்டைக் கீழே வைத்தார்.

"காணும் தம்பி," என்றார். மகனுக்குக் கேட்காத அளவு மெதுவாக. கத்தினால்கூட அது விழுந்துவிடும் என்று பயந்ததுபோல. "படம் கிடக்கட்டும். இறங்கி வா."