ரெண்டெழுத்து அக்கா

நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில், ஆபீசில், எனக்கே நடந்தது இது. இருட்டினால்தான் பேய் வரும் என்று இனி யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

கம்ப்யூட்டரின் கருப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டுவதுதான் எங்கள் வேலை. நீளமான கட்டளைகளுக்கு ஆளாளுக்கு ஒரு சுருக்கம் வைத்து, செட்டிங்ஸ் ஃபைலில் எழுதிக்கொள்வோம். புது விண்டோ திறக்கும்போதெல்லாம் அந்த ஃபைல்தான் முதலில் ஓடும். இதில் எங்கள் சீனியர் அக்காவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரு விபத்தில் அவருடைய வலது கை செயலிழந்துபோனது. அதனால் கீபோர்டின் இடது பக்க எழுத்துகளை மட்டும் வைத்து, எல்லாவற்றையும் இரண்டே எழுத்தில் முடித்திருந்தார். 'ரெண்டெழுத்து அக்கா' என்றுதான் கூப்பிடுவோம். அந்த ஃபைலை எல்லோருக்கும் கொடுத்தார். முதல் வரியில் அவர் பெயர். அடுத்த வரி: "தாராளமா எடுத்துக்கோங்க. என் பேர் மட்டும் இருக்கட்டும்."

அவர் ஆஸ்பத்திரியில் படுத்த வாரம், அந்த இரண்டு வரிகளையும் அழித்து, என் பெயரைப் போட்டு இணையத்தில் பகிர்ந்தேன். அவர் பேரை எடுத்துவிட்டு நான் பேர் எடுத்தேன். அவருக்கு வரவேண்டிய டீம் லீடர் பதவியும் எனக்கே வந்தது. அக்கா போன் செய்தார்.

"என் பேர் எங்க தம்பி?"

"யார் பேர் இருந்தா என்னக்கா? ஃபைல் வேலை செய்யுதுல்ல?"

போனை வைத்துவிட்டார்.

அந்தச் செவ்வாய், மதியம் 3:02. எல்லோரும் மீட்டிங்கில் இருந்தார்கள். நான் மட்டும் சீட்டில். புது விண்டோ திறந்ததும் மேலே ஒரு வரி வந்தது.

"என் பேர் எங்க தம்பி?"

எவனோ விளையாடுகிறான் என்று எரிச்சல்தான் வந்தது. ஃபைலைத் திறந்து தேடினேன். அப்படி ஒரு வரியே அதில் இல்லை.

3:05. மூடித் திறந்தேன். அதே வரி... இந்த முறை இரண்டு தடவை.

3:07. பயந்துவிட்டேன். பழையபடி அவர் பெயரைப் போட்டுவிடலாம் என்று கீபோர்டில் கை வைக்கப் போனேன்.

வலது கை எழவில்லை.

கிள்ளினேன். வலிக்கவில்லை.

டக்... டக்... டக்...

பக்கத்து மேசை. அக்காவின் மேசை. அங்கே கீபோர்டே கிடையாது.

அக்காவின் பெயரில் பாதி எழுத்துகள் வலது பக்கம். இடது கையால் எட்டி எட்டித் தட்டினேன். தப்பானது. அழித்தேன். மறுபடி தட்டினேன். சேமித்தேன்.

சத்தம் நின்றது.

3:11. திரையில் ஒரு வரி.

"நன்றி தம்பி. கை என்கிட்டயே இருக்கட்டும்."

ஸ்கேனில் எல்லாம் சரியாக இருக்கிறதாம். டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

அக்கா இறந்த செய்தி அன்று மாலைதான் வந்தது. மறுநாள் துக்கம் கேட்கப் போனேன். அவர் கணவர் என் தொங்கும் கையைக் கவனிக்கவில்லை.

"மூணு ஒன்பதுக்கு மூச்சு நின்னுச்சு தம்பி. அதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி அந்த வலது கை அசைஞ்சுது. ஏழு வருஷமா அசையாத கை. மெத்தையில எதையோ டைப் அடிக்கிற மாதிரி தட்டுனா..."

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மூச்சு நின்னப்புறமும் ரெண்டு நிமிஷம் தட்டிட்டேதான் இருந்துச்சு."