வகுத்தல் வந்தால் எழுந்து போகிறவள்

எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், மன்னித்துக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்போடு சரி. மறதி வேறு. போன வாரம் பக்கத்து அடுக்குமாடி ப்ளாக்கில் ஏறி, யார் வீட்டுக் கதவிலோ என் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தேன். இருந்தாலும் இதை எழுதத் தோன்றுகிறது. ஏனென்றால் போன செவ்வாய்க்கிழமை நான் ஒரு வகுத்தல் கணக்குப் போட்டேன்.

மற்ற கணக்கெல்லாம் எனக்கு வரும். வகுத்தல் மட்டும் வராது. அப்பாவுக்குத் தெருவும் சாக்கடையும் சுத்தம் செய்கிற வேலை. லிட்டில் இந்தியாவுக்குப் பின்புறம் வரிசை வீட்டில் குடியிருந்தோம். எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு அது போதும். ஊரிலிருந்து கப்பலில் வந்த மனிதர், சாதியை மட்டும் மடிப்புக் கலையாமல் பெட்டியில் கொண்டுவந்திருந்தார். இடைவேளை முடிந்தவுடன் வகுத்தல் பாடம். பலகையில் அந்தக் குறியைப் போட்டதும் என் பக்கம் திரும்புவார்.

"ஏ புள்ள, போய் கக்கூஸ் கழுவிட்டு வா. உனக்கெதுக்கு இதெல்லாம்?"

வாளியும் பிரஷுமாகப் போய்க் கழுவிவிட்டு வந்தால் பலகையும் கழுவினாற்போல் இருக்கும். ஆறாம் வகுப்புத் தேர்வில் பாதித் தாள் வகுத்தல். கோட்டை விட்டேன். பிறகு பூன் லே பக்கம் தொழிற்சாலை, கல்யாணம், பிள்ளைகள். கண்ணை மூடுவதற்குள் வகுத்தலைக் கற்றுக்கொண்டுவிட வேண்டும் என்பது மட்டும் உள்ளே கிடந்தது.

அதனால்தான் தோ பாயோவில் எங்கள் ப்ளாக்குக்குக் கீழே முதியவர்களுக்கு வகுப்பு வைத்தபோது, வெட்கத்தை விட்டுப் பெயர் கொடுத்தேன். எட்டுப் பேர் படிக்கிறோம். நடுவில் டீ உண்டு, குடித்த கப்பை யார் கழுவுவது என்று வாராவாரம் தகராறும் உண்டு. சொல்லிக் கொடுப்பவர் ஜவுளிக்கடை வைத்திருந்து ஓய்வுபெற்ற பாய். அருமையான மனிதர்.

முதல் வாரம் பாய் பலகையில் வகுத்தல் குறியைப் போட்டார். என் கால் எழுந்துகொண்டது. சத்தியமாக நான் எழவில்லை, கால்தான் எழுந்தது. எங்கே போகிறேன் என்று நானே பார்த்துக்கொண்டு போனால், கழிவறை! உள்ளே எல்லாம் பளபளவென்று இருந்தது. சும்மா திரும்பக் கை ஒப்பவில்லை. தொட்டியைத் தேய்த்துவிட்டு வந்தேன். கணக்கு முடிந்திருந்தது. இரண்டாவது வாரமும் இதே கதை. மூன்றாவது வாரம் பாய்க்கே கவலை வந்துவிட்டது.

"அக்கா, சீனி வியாதி இருக்கா? டாக்டர்ட்ட காட்டினீங்களா?"

"லேசா இருக்கு பாய்" என்று, இல்லாத வியாதியை ஒப்புக்கொண்டேன்.

என் பக்கத்தில் உட்காருகிற அம்மாள் எப்போதும் மஞ்சள் கைப்பை வைத்திருப்பார். என்னைவிட இரண்டு வயது பெரியவர். இங்கே யாரும் சாதியைக் கேட்க மாட்டார்கள், ஊரைத்தான் கேட்பார்கள்.

"என்னம்மா, ஊர் எது?"

"தோ பாயோ."

"அது நீ இருக்கிற எடம். ஊரு?"

"லிட்டில் இந்தியாக்கா. அங்கதான் பொறந்தேன்."

"அய்ய, உங்கப்பா ஊரு! ஊர்ல எந்தத் தெரு?"

"மறந்துபோச்சுக்கா."

மறதி சில சமயம் கூடப் பிறந்தவள் மாதிரி கைகொடுக்கும்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு தந்திரம் செய்தேன். கால் எழுந்தாலும் போகக்கூடாது என்று, சேலைத் தலைப்பை நாற்காலிக் கையில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். பாய் குறியைப் போட்டார். எழுந்தேன். நாற்காலியும் என்னோடு கிறீச்சென்று கிளம்பியது.

"நாற்காலியோடவா டாய்லட்டுக்கு?" என்றார் மஞ்சள் கைப்பை.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். சிரித்ததில் வாய் திறந்துகொண்டது போலிருக்கிறது, உண்மை வெளியே வந்துவிட்டது.

"டாய்லட் வரல பாய். சின்னதுல வகுத்தல் வந்தாலே என்னைக் கக்கூஸ் கழுவ அனுப்பிடுவாங்க. அந்தப் பழக்கம்."

சிரிப்பு நின்றது. மஞ்சள் கைப்பை அக்காவுக்கு ஊரும் தெருவும் ஒரே நேரத்தில் தெரிந்துவிட்டன. தன் நாற்காலியை ஒரு சாண் நகர்த்திக்கொண்டார்.

பாய் பேனாவை மூடித் திறந்தார். பிறகு, "சரி, நம்ம டீ கப்பு தகராறையே கணக்காப் போடுவோம். வருஷத்துக்கு அம்பத்திரெண்டு வாரம். நீங்க எட்டுப் பேரு. வாரம் ஒருத்தர் கழுவினா ஆளுக்கு எத்தனை வாரம்?" என்றார்.

"ஏழு பேருன்னு போடுங்க பாய்" என்றார் மஞ்சள் கைப்பை. "அவங்க கப்பு கழுவ வேணாம், பாவம். வயசாயிடுச்சுல்ல."

எந்த வயசு என்று எனக்கா தெரியாது? கக்கூஸ் கழுவலாமாம், கப்பு கழுவக்கூடாதாம். முடிச்சை அவிழ்த்துக்கொண்டு பலகைக்குப் போனேன். பாய் ஒவ்வொரு படியாகச் சொல்லச் சொல்ல எழுதினேன். ஆறெட்டு நாற்பத்தெட்டு. ஆளுக்கு ஆறு, மீதி நாலு. இவ்வளவுதானா! இதற்கா இத்தனை வருஷம்?

அதே சூட்டில் பக்கத்திலேயே ஏழாலும் வகுத்தேன். இந்த முறை பாய் வாயைத் திறக்கவில்லை. ஏழேழு நாற்பத்தொன்பது. ஆளுக்கு ஏழு, மீதி மூன்று.

"அக்கா, நான் இருந்தா உங்களுக்கு ஆறு வாரம். என்னைத் தள்ளி வச்சா ஏழு வாரம்."

"ஐயோ, எனக்கு முதுகு வலி! எட்டே இருக்கட்டும்லா!" என்று பின்வரிசையில் ஒருவர் அலறினார்.

மஞ்சள் கைப்பை பலகையையே பார்த்தார். "அந்த மீதி மூணு வாரம் யாருக்கு?"

"அதுவும் உங்க ஏழு பேருக்குள்ளதான்க்கா."

"சரி சரி… எட்டுன்னே போடுங்க பாய்."

அன்றைக்கே தொடங்கிவிட்டோம், முதல் வாரம் என் முறை. கழுவிக் கொடுத்த கப்பை அவர் டிஷ்யூ காகிதத்தால் மறுபடி துடைத்தார், உள்ளே ஒரு முறை, வெளியே ஒரு முறை. "நல்லா துடைங்கக்கா, அது உங்க ஆறு வாரத்துல கழியாது" என்றேன். முறைத்தார். ஆனால் டீயைக் குடித்தார். நான் வகுப்பு முடியும்வரை எங்கும் போகவில்லை. முடிந்த பிறகுதான் நிஜமாகவே போக வேண்டியிருந்தது.

கூடப் படித்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால் சொல்லுங்கள், வாத்தியார் என்னை அனுப்ப ஆரம்பித்தது நாலாம் வகுப்பிலா, ஐந்திலா? கணக்கையும் ஒரு முறை சரிபாருங்கள். தீபாவளி வாரமும் சீனப் புத்தாண்டு வாரமும் வகுப்பு கிடையாது, பாய் அதைக் கழிக்க மறந்துவிட்டார். ஐம்பதை எட்டால் வகுத்துப் பார்த்தேன். ஆளுக்கு ஆறு, மீதி இரண்டு வருகிறது. சரிதானே?